ஓடையோரம் ஒரு பகல்: குழந்தைகளோடு முதல் மலைநடை போகிறவர்களுக்கு

முதல் தடவை போனபோது என் திட்டம் காகிதத்தில் கச்சிதமாக இருந்தது. போக 4 கி.மீ., வர 4 கி.மீ., நடுவில் ஓர் அருவி, அருவிக்கரையில் மதியச் சாப்பாடு. அந்த அருவியை நாங்கள் பார்க்கவே இல்லை. ஒன்றரை கிலோமீட்டர் தாண்டியதும் ஓடை கொஞ்சம் அகன்று ஒரு சின்ன மடுவாகத் தேங்கியிருந்தது. அதன் கரையில் உட்கார்ந்த என் ஐந்து வயது மகள் எழுந்திருக்கவே இல்லை. ஓர் இலையைப் போடுவாள். அது சுழலில் மாட்டி இரண்டு சுற்று சுற்றிவிட்டு ஒரு கல்லிடுக்கு வழியாக வெளியே ஓடும். கைதட்டுவாள். அடுத்த இலை. “இன்னும் கொஞ்ச தூரம்தான்மா, அருவி வந்துடும்” என்று நாலைந்து முறை சொல்லிப் பார்த்தேன். “இதுதான்ப்பா அருவி” என்றாள். ஒரு முழ உயரத்திலிருந்து அங்கே தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது உண்மைதான்.

அன்றைக்கு எனக்குக் கடுப்பு. இப்போது நான் திட்டம் போடுவதே தண்ணீரை வைத்துத்தான்: எந்த இடத்தில் குழந்தைகள் தண்ணீருக்குப் பக்கத்தில் நிம்மதியாக உட்காரலாம், எந்த இடத்தில் தண்ணீரை விட்டு விலகி நடக்கவேண்டும், அங்கே எவ்வளவு நேரம் செலவாகும். தூரம், பை, சாப்பாடு எல்லாம் அதற்குப் பின்னால் வருகிற கணக்கு. கீழே சொல்வதும் அந்த வரிசையில்தான்.

பாதையைத் தேர்ந்தெடுப்பது

கூட வருகிறவர்களில் மிகச் சின்னக் கால் யாருடையதோ, பாதை அந்தக் காலுக்கானது. ஐந்து வயதுக் குழந்தை என்றால் போகவர மொத்தம் 3 கி.மீ. போதும். எட்டு, ஒன்பது வயதுக்கு 5 அல்லது 6 கி.மீ. இது என் அனுபவக் கணக்கு. உங்கள் வீட்டுப் பிள்ளை இதைவிட நடக்கலாம், ஆனால் முதல் நாளே அதைச் சோதித்துப் பார்க்கவேண்டாம்.

ஓடையோரப் பாதைகள் இரண்டு மாதிரி இருக்கும். ஒன்று, அடிவாரத்தில் தொடங்கி ஓடைக்கு எதிராக மேலே ஏறுவது. மற்றது, மேலே சாலையில் வண்டியை விட்டுவிட்டு ஓடைக்கு இறங்குவது. இரண்டாவது வகை ஏமாற்றும். காலையில் குதித்துக்கொண்டு இறங்கிய பிள்ளைகள், மதியம் களைத்த பிறகு அத்தனை ஏற்றத்தையும் ஏறவேண்டும். கடைசி அரைமணி நேரம் ஒருவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறுவதில்தான் முடியும். முதல் சில நடைகளுக்கு ஏற்றம் முதலில், இறக்கம் பிறகு என்று இருக்கிற பாதையையே எடுங்கள். அலுத்துப்போனால் எந்த இடத்திலும் திரும்பிவிடலாம், திரும்பும் வழி முழுக்க இறக்கம்.

சமஉயரக் கோடுகள் போட்ட வரைபடம் கிடைத்தால் வீட்டிலேயே பாதி வேலை முடிந்துவிடும். ஓடை ஓடும் பள்ளத்தில் அந்தக் கோடுகள் அம்புமுனைபோல வளையும். அந்த முனை எப்போதும் ஓடை வருகிற திசையை, அதாவது மேட்டைக் காட்டும். கோடுகள் நெருங்கி இருந்தால் செங்குத்து, தள்ளித் தள்ளி இருந்தால் சமம். பாதைக்கோடும் ஓடைக்கோடும் தள்ளி இருக்கிற கோடுகளுக்கு நடுவே சேர்ந்து போகிற இடம்தான் நமக்கு வேண்டியது. கரை அகலமாக இருக்கும், தண்ணீரும் பெரும்பாலும் அடங்கி ஓடும். இரண்டு பக்கமும் கோடுகள் நெருங்கி ஓடையை இறுக்கிப் பிடித்திருந்தால் அது இடுக்குப் பள்ளத்தாக்கு. தண்ணீர் ஏறினால் ஒதுங்க இடம் இருக்காது. அதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

அப்புறம் ஒன்று: பாதை ஓடையை எத்தனை இடத்தில் வெட்டுகிறது என்று எண்ணுங்கள். ஒவ்வொரு வெட்டும் ஒரு பாலம், அல்லது தண்ணீரில் இறங்கிக் கடக்கவேண்டிய இடம். முதல் நடைக்கு இரண்டாவது வகை ஒன்றுகூட வேண்டாம். மேலே அணை இருக்கிறதா என்றும் பாருங்கள். மழையே இல்லாத நாளிலும் அணையிலிருந்து தண்ணீர் திறந்தால் கீழே ஓடை ஏறும்.

நேரத்தைக் கணக்கிடுவது

வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892இல் ஒரு கணக்குச் சொன்னார்: 3 மைலுக்கு, அதாவது ஏறக்குறைய 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம்; அதோடு 2,000 அடி, அதாவது சுமார் 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். இன்றைக்கும் பலர் இதைத்தான் அடிப்படையாக வைத்திருக்கிறார்கள். நல்ல உடல்பலம் உள்ள பெரியவர்களுக்கான கணக்கு இது என்பதை மறக்கவேண்டாம்.

நம் நடைக்குப் போட்டுப் பார்ப்போம். போகவர 4 கி.மீ., ஏற்றம் 150 மீட்டர். நெய்ஸ்மித் கணக்குப்படி தூரத்துக்கு 48 நிமிடம், ஏற்றத்துக்கு 15 நிமிடம், ஆக ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். குழந்தைகள் வருவதால் அதை இரண்டால் பெருக்குங்கள். சாப்பாட்டுக்கு அரைமணி. இனிமேல்தான் முக்கியமான செலவு: தண்ணீருக்கு ஒன்றரை மணி நேரம். மொத்தம் நாலு மணி நேரம் வருகிறது. 4 கி.மீ.க்கு நாலு மணி நேரமா என்று தோன்றும். ஒரு தடவை போய்வந்த பிறகு தோன்றாது.

புறப்படும்போதே திரும்பும் நேரத்தை முடிவு செய்து எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். “12 மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்புகிறோம்” என்பது போல. இலக்கு நூறு மீட்டரில் இருந்தாலும் 12 என்றால் 12தான். இதில் பிள்ளைகளைவிடப் பெரியவர்கள்தான் வம்பு பண்ணுவார்கள். பள்ளத்தாக்கில் சூரியன் மலைமுகட்டுக்குப் பின்னால் சீக்கிரமே போய்விடும். வானம் வெளிச்சமாக இருக்கும்போதே ஓடைக்கரை இருட்டவும் குளிரவும் தொடங்கிவிடும். சூரியன் மறைகிற நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே வண்டியில் இருக்கிற மாதிரி கணக்குப் போடுங்கள்.

முந்தின நாள் செய்யவேண்டியவை

வானிலை பார்க்கும்போது நீங்கள் நடக்கிற இடத்துக்கு மட்டும் பார்த்தால் போதாது, ஓடை பிறக்கிற மேல்மலைக்கும் பாருங்கள். உங்கள் தலைக்கு மேலே வெயில் அடித்துக்கொண்டிருக்க, மேலே பெய்த மழை ஓடை வழியாக உங்களிடம் வந்து சேரும். இரண்டு மூன்று நாளாக மேலே மழை பெய்திருந்தால் அந்த வாரம் போகாதீர்கள். பனி உருகி ஓடுகிற ஓடைகளுக்கு இன்னொரு குணம் உண்டு: காலையில் தண்ணீர் குறைவாகவும் பிற்பகலில் அதிகமாகவும் இருக்கும். காலையில் தாண்டிய இடத்தை மாலையில் தாண்ட முடியாமல் போகலாம். பொதுவாக 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் 6 டிகிரிக்கு மேல் குறையும் என்பதையும் கணக்கில் வைத்து உடுப்பு எடுங்கள்.

பாதை திறந்திருக்கிறதா, அனுமதி வேண்டுமா என்பதை அந்த இடத்தை நிர்வகிக்கிற அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஷூவை எடுத்துப் பாருங்கள். எடுத்துப் பார்ப்பது என்றால், கையால் வளைத்து, அடிப்பாகத்தை இழுத்துப் பார்ப்பது. நான் இதைச் செய்யாமல் போனேன். நாலு வருடம் அலமாரியில் கிடந்த ஷூ, பார்க்கப் புதுசு மாதிரி. இரண்டாவது கிலோமீட்டரில் வலது காலில் ‘பளக் பளக்’ என்று சத்தம். குனிந்து பார்த்தால் அடிப்பாகம் விரல் பக்கம் பிரிந்து வாய் திறந்திருந்தது. நடுவில் இருந்த பஞ்சு மாதிரியான பகுதி தொட்டால் உதிர்ந்தது. அந்தப் பஞ்சு பாலியூரிதேன். அதைப் போடாமல் வைத்திருந்தாலும் காற்றின் ஈரத்தில் வருடக்கணக்கில் மெல்ல மெல்ல இற்றுப்போகும். மீதி வழியெல்லாம் ஷூவைச் சுற்றித் துணி டேப் ஒட்டிக்கொண்டு நடந்தேன். அன்றிலிருந்து கொஞ்சம் டேப் தண்ணீர் பாட்டிலைச் சுற்றி எப்போதும் இருக்கும்.

குழந்தைகளுக்கு விலை உயர்ந்த மலை ஷூ தேவையில்லை. அடியில் பள்ளம் பள்ளமாக வெட்டு இருக்கிற, ஏற்கெனவே போட்டுப் பழகிய விளையாட்டு ஷூ போதும். புது ஷூவை அன்றைக்கு முதல் தடவையாகப் போட்டால் கொப்புளம் நிச்சயம். தண்ணீரில் நிற்க, குதிகாலைப் பட்டையால் பிடிக்கிற ஒரு செருப்பு தனியாக வேண்டும். ரப்பர் செருப்பு தண்ணீரோடு போய்விடும், அதைப் பிடிக்கக் குழந்தையும் போகும்.

கடைசியாக, வீட்டில் இருக்கிற ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள்: எந்தப் பாதை, எத்தனை பேர், வண்டி எங்கே நிற்கும், எத்தனை மணிக்குள் போன் பண்ணுவோம், பண்ணாவிட்டால் யாருக்குச் சொல்லவேண்டும்.

பையில் என்ன

தண்ணீர்தான் எடை. ஒரு லிட்டர் ஒரு கிலோ. பெரியவர்களுக்கு ஆளுக்கு ஒன்றரை லிட்டர், குழந்தைகளுக்கு முக்கால் லிட்டர் என்று நான் எடுப்பேன். வெயில் கடுமையாக இருந்தால் இன்னும் கொஞ்சம். எல்லாத் தண்ணீரையும் ஒருவர் பையில் வைக்காதீர்கள். அவர் பின்தங்கினால் எல்லோருக்கும் தாகம்.

ஆளுக்கு ஒரு முழு மாற்று உடுப்பு. ஜீன்ஸ் வேண்டாம், பருத்திச் சட்டை நனைந்தால் உடனே மாற்றிவிடுங்கள். நனைந்த பருத்தி தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்புச் சூட்டை உறிஞ்சும். செயற்கை இழையும் கம்பளியும் பரவாயில்லை. சாக்ஸ் மட்டும் நினைத்ததைவிட இரண்டு ஜோடி கூடுதல். மாற்று உடுப்பை ஒரு பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் இறுக்கிக் கட்டுங்கள். வரும்போது அதே பை நனைந்த துணிக்கு ஆகும். மழைச்சட்டை எந்த வானிலைக்கும் உண்டு.

இவை தவிர: ஆளுக்கொரு விசில், டார்ச், முதலுதவிப் பொருட்கள், சிறு இடுக்கி, பவர்பேங்க், குப்பைக்கு ஒரு பை, வரைபடம். போனில் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வையுங்கள். சிக்னல் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். விமானப் பயன்முறையில் போட்டால், இல்லாத சிக்னலைத் தேடித் தேடி பேட்டரி தீராது. ஒடுங்கிய பள்ளத்தாக்கில் ஜிபிஎஸ் காட்டுகிற புள்ளி கொஞ்சம் தள்ளி நிற்கும், அதைப் பார்த்துப் பயப்படவேண்டாம்.

குழந்தைக்கும் ஒரு பை கொடுங்கள், ஆனால் அதன் எடையில் பத்தில் ஒரு பங்குக்குள். தன் விசில், தன் தின்பண்டம், ஒரு மேல்சட்டை. அவ்வளவு போதும். கைக்குழந்தையை முதுகுப்பையில் சுமந்து போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: நீங்கள் ஏறிக்கொண்டிருப்பதால் உங்களுக்கு வியர்க்கும், பையில் அசையாமல் உட்கார்ந்திருக்கிற குழந்தைக்குக் குளிரும். அரைமணிக்கு ஒரு முறை அதன் கழுத்துக்குப் பின்னாலும் காலிலும் தொட்டுப் பாருங்கள்.

நடக்கும்போது

முன்னால் ஒரு பெரியவர், கடைசியில் ஒரு பெரியவர், நடுவில் பிள்ளைகள். பாதை ஓடைக்குச் சற்று மேலே சரிவில் போகிற இடத்தில் குழந்தை மலைப்பக்கம், நீங்கள் தண்ணீர்ப்பக்கம். வேகத்தை முடிவு செய்கிறவர் மிக மெதுவாக நடப்பவர். அவரை முன்னால் விட்டுப் பாருங்கள், அழுகை பாதியாகக் குறையும்.

புறப்பட்டுக் கால்மணி நேரத்தில் ஒரு முறை கட்டாயம் நில்லுங்கள். அதற்குள் உடம்பு சூடாகியிருக்கும், மேல்சட்டையைக் கழற்றலாம். “எங்கேயாவது உரசுதா?” என்று கேளுங்கள். கொப்புளம் வருவதற்கு முன் அந்த இடம் சூடாகும். அப்போதே டேப் ஒட்டினால் நாள் தப்பித்தது. தின்பண்டத்தைப் பசிக்கு முன்பே கொடுங்கள், முக்கால் மணிக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமாக.

புதிதாகப் போகிறவர்கள் எதிர்பார்க்காத ஒன்று, ஓடையின் இரைச்சல். தூரத்தில் கேட்கும்போது தாலாட்டு மாதிரி இருக்கும். பக்கத்தில் நின்றால் இருபது அடி தள்ளி நிற்பவர் கத்துவது காதில் விழாது. குழந்தை “அப்பா” என்று கூப்பிட்டது எனக்குக் கேட்கவில்லை, நான் கூப்பிட்டது அதற்குக் கேட்கவில்லை, இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் அலட்சியம் செய்வதாக நினைத்துக்கொண்டோம். அதனால்தான் விசில். எங்கள் வீட்டு விதி: ஒரு ஊதல் என்றால் நின்ற இடத்தில் நில், இரண்டு என்றால் என்னிடம் வா. வண்டி நிறுத்திய இடத்திலேயே ஒத்திகை பார்த்துவிடுவோம். இன்னொரு விதி, பெரியவர் முகம் தெரியாத தூரத்துக்குப் போகக்கூடாது.

தண்ணீரில்

விளையாட இடம் பார்க்கும்போது ஓடையின் வளைவுகளைப் பாருங்கள். வளைவின் வெளிப்பக்கத்தில் தண்ணீர் வேகமாக வந்து மோதி அடியை அரிக்கும். அங்கே ஆழம் அதிகம், கரையும் உள்ளே குடையப்பட்டிருக்கலாம். உள்பக்கத்தில் வேகம் குறைந்து மணலும் கூழாங்கல்லும் படியும். அந்தக் கூழாங்கல் திட்டுதான் குழந்தைகளுக்கான இடம். சற்றுக் கீழே போய், ஒரு குழந்தை தவறி விழுந்தால் தண்ணீர் எங்கே கொண்டுபோகும் என்று பார்த்துவிட்டு வாருங்கள். ஆழமற்ற திட்டு என்றால் சரி. குதிப்பு, பாறை இடுக்கு, குறுக்கே விழுந்த மரம் என்றால் வேறு இடம் தேடுங்கள். குறுக்கே கிடக்கிற மரம் சல்லடை மாதிரி: தண்ணீர் புகுந்து போய்விடும், ஆள் மாட்டிக்கொள்வார்.

தெளிந்த தண்ணீரில் ஆழம் கண்ணை ஏமாற்றும். ஒளி வளைவதால் மேலிருந்து பார்க்கும்போது உண்மையான ஆழத்தில் முக்கால் பங்குதான் தெரியும். 40 செ.மீ. ஆழம் 30 மாதிரி இருக்கும். பெரியவர் கழி ஒன்றை விட்டு அளந்த பிறகே பிள்ளைகள் இறங்கவேண்டும். முழங்காலுக்கு மேல் வேண்டாம். அது குழந்தையின் முழங்கால்.

பிள்ளைகள் இறங்கியிருக்கும் நேரம் முழுக்க ஒரு பெரியவருக்கு அது மட்டுமே வேலை. போட்டோ எடுப்பவர் வேறு ஆள்.

சரி, என்ன விளையாடுவது? அதைப் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள், நீங்கள் ஒரு கல்லைப் புரட்டிக் காட்டினால் போதும். நீரோட்டத்தில் கிடக்கிற உள்ளங்கை அளவு கல்லை மெல்லத் தூக்கி அடிப்பக்கத்தைப் பாருங்கள். மணல்துகளும் சுள்ளித் துண்டுகளும் ஒட்டிய, அரை விரல் நீளமுள்ள குழல் ஒன்று இருக்கலாம். அது குப்பை இல்லை, வீடு. கேடிஸ் பூச்சியின் புழு தன் பட்டிழையால் மணலை ஒட்டிக் கட்டியது. ஒரு நிமிடம் தண்ணீருக்குள் அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தால் ஒரு முனையிலிருந்து தலையும் கால்களும் எட்டிப்பார்க்கும். என் மகள் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தது அந்த ஒரு நிமிடம்தான். வயிறு தட்டையான, வாலில் இரண்டு மூன்று இழை நீட்டிய பூச்சிகளும் கல்லோடு ஒட்டி ஓடும். இவை நிறைய இருந்தால் தண்ணீரில் பிராணவாயு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். தும்பியின் குஞ்சுப் பருவமும் தண்ணீருக்குள்தான். பார்த்து முடித்ததும் கல்லை அதே இடத்தில், அதே பக்கம் கீழாக வைத்துவிடுங்கள். கல் அடுக்கிக் கோபுரம் கட்டும் ஆசையையும் இதனால்தான் நான் அடக்கச் சொல்வேன். ஒவ்வொரு கல்லும் யாருக்கோ கூரை.

ஓடையைக் கடக்கவேண்டி வந்தால்

முதல் நடையில் வேண்டாம் என்றேன். ஆனாலும் என்றைக்காவது வரும்.

முதலில் ஒரு சுள்ளியை நடுவில் எறிந்து, கரையில் அதோடு கூடவே நடந்து பாருங்கள். சாதாரண நடையில் அதை எட்டிப்பிடிக்க முடியவில்லை என்றால் தண்ணீர் உங்களுக்கு வேகம், கடக்காதீர்கள். வேகம் இரண்டு மடங்கானால் தண்ணீர் காலைத் தள்ளும் விசை நாலு மடங்காகும். வேகமான ஓட்டம் என்றால் 15 செ.மீ. தண்ணீரே பெரியவர் ஒருவரைச் சாய்த்துவிடும். கலங்கி, அடி தெரியாமல் ஓடினாலும் கடக்காதீர்கள்.

கடக்கலாம் என்று தெரிந்தால், அகலமான இடத்தைத் தேடுங்கள். ஒடுக்கமான இடம் சுலபம் போலத் தெரியும், ஆனால் அதே தண்ணீர் அத்தனையும் அந்த இடுக்கில்தான் போகவேண்டும், ஆழமும் வேகமும் அங்கேதான். கல்லுக்குக் கல் தாவுவது பார்க்க அழகு. பாசி பிடித்த கல்லில் ஷூ நிற்காது. கருத்து மின்னுகிற கல்லை நம்பாதீர்கள். தண்ணீரில் இறங்கி, கால் தரையைத் தொட நடப்பதுதான் பத்திரம். வெறுங்கால் வேண்டாம். பையின் இடுப்புப் பட்டையையும் மார்புப் பட்டையையும் கழற்றிவிடுங்கள், விழுந்தால் பையை உதறிவிட முடியவேண்டும். ஓட்டத்துக்கு எதிராகச் சற்றே முகம் திருப்பி, கழியை முன்னால் ஊன்றி, பக்கவாட்டில் ஒவ்வோர் அடியாக நகருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றுதான் நகரவேண்டும்: கழி, அல்லது ஒரு கால். குழந்தைகளை ஒவ்வொருவராக, கையைப் பிடிக்காமல் மணிக்கட்டைப் பிடித்து அழைத்துப் போங்கள்.

விழுந்து ஓட்டம் இழுத்தால், எழுந்து நிற்க முயலவேண்டாம். கால் கல்லிடுக்கில் மாட்டினால் தண்ணீர் ஆளைக் கவிழ்த்து அழுத்தும். மல்லாந்து, கால்களை ஓட்டம் போகும் திசையில் நீட்டி மிதந்து, வேகம் குறைந்த பக்கம் கையால் துழாவிக் கரையேறவேண்டும். பெரிய பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள்.

தண்ணீர் ஏறுகிற அறிகுறி

தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்குவது. சருகும் சுள்ளியும் கூட்டமாக மிதந்து வருவது. சற்றுமுன் வெளியே தெரிந்த கல் இப்போது தெரியாதது. இரைச்சல் கனமாகி, அடித்தொண்டையில் உறுமுவது போல மாறுவது. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் பையைத் தேடாமல், பாதையோரமாக ஓடாமல், நேராக மேட்டில் ஏறுங்கள். கீழ்ப்பக்கமாக ஓடினால் தண்ணீர் உங்களை முந்திவிடும். இதைக் கவனிக்க ஓர் எளிய வழி: வந்து உட்கார்ந்ததும் தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டுவிடுங்கள். அவ்வப்போது அதைப் பார்த்துச் சொல்வது பிள்ளைகள் வேலை. அவர்கள் உங்களைவிட ஒழுங்காகச் செய்வார்கள்.

மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் எண்ணுங்கள், 3 நொடிக்கு ஒரு கிலோமீட்டர். 30 நொடிக்குள் இடி கேட்டால் தண்ணீரையும் தனி மரத்தையும் முகட்டையும் விட்டு விலகவேண்டும். கடைசி இடிக்குப் பிறகு அரைமணி நேரம் காத்திருங்கள்.

குடிநீர், கழிப்பு, பூச்சிகள்

கண்ணாடி மாதிரி தெளிந்த தண்ணீரிலும் ஜியார்டியா போன்ற ஒட்டுண்ணிகள் இருக்கலாம். வயிற்றுக்கோளாறு ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் தெரியும், அதற்குள் ஓடையே மறந்துபோயிருக்கும். கொண்டுபோன தண்ணீரையே குடியுங்கள். வேறு வழியில்லை என்றால் குமிழி கொப்பளிக்க ஒரு நிமிடம் கொதிக்கவிட்டுக் குடியுங்கள்; 2,000 மீட்டருக்கு மேலே என்றால் 3 நிமிடம்.

கழிப்பறை இல்லாத இடத்தில் தண்ணீரிலிருந்தும் பாதையிலிருந்தும் 60 மீட்டர் தள்ளி, 15 முதல் 20 செ.மீ. ஆழக் குழி தோண்டி மூடுங்கள். காகிதத்தை எடுத்து வந்துவிடுங்கள். ‘இயற்கை’ என்று எழுதியிருந்தாலும் சோப்பை ஓடையில் போடவேண்டாம்.

அட்டை கடித்தால் பதற்றம் வேண்டாம். நகத்தை அதன் ஒடுங்கிய முனையில் வைத்து நகர்த்தி விடுவித்தால் போதும். உப்பு, நெருப்பு வைத்தால் அது வயிற்றில் இருப்பதைக் காயத்துக்குள்ளேயே கக்கிவிடும். உண்ணி என்றால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக மேலே இழுக்கவேண்டும்.

வழி தவறினால்

1981இல் கலிஃபோர்னியாவில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் மலையில் வழிதவறி இறந்தபிறகு, தேடுதல் குழுவினர் குழந்தைகளுக்கு ஒரு பயிற்சியைத் தொடங்கினார்கள். அதன் சாரம்: தொலைந்துவிட்டோம் என்று தெரிந்த உடனே பக்கத்தில் உள்ள மரத்தைக் கட்டிப்பிடித்து அங்கேயே இரு. நகராத குழந்தையைத் தேடுவது சுலபம். ஓடையோரத்துக்கு நான் ஒன்று சேர்ப்பேன்: தண்ணீருக்குப் பக்கத்து மரம் வேண்டாம், சற்று மேலே உள்ள மரம். இரைச்சல் குறையும், விசில் கேட்கும். ஓடையைப் பிடித்துக்கொண்டே இறங்கினால் ஊர் வரும் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லாதீர்கள். ஓடை அருவியாகக் குதிக்கிற இடத்துக்கும் அதே வழிதான்.

மலைகளில் உதவி கேட்கப் பல நாடுகளில் ஏற்றுக்கொண்ட சமிக்ஞை, ஒரு நிமிடத்தில் ஆறு ஊதல், ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு. வட அமெரிக்காவில் மூன்று ஊதல். போகிற இடத்தின் அவசர எண்ணை எல்லோர் போனிலும் முன்பே பதிந்து வையுங்கள்.

திரும்பி வந்ததும்

வண்டியில் ஏறுமுன் எல்லோருக்கும் காய்ந்த சாக்ஸ். வீட்டில் குளிக்கும்போது முழங்கால் மடிப்பு, அக்குள், காதுக்குப் பின்னால், தலைமுடி ஓரம் என்று உண்ணி பார்க்கவேண்டும். ஷூவின் உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்து நிழலில் வையுங்கள், இரண்டு மணி நேரத்தில் தாளை மாற்றுங்கள். வெயிலிலோ ஹீட்டர் பக்கத்திலோ வைத்தால் பசை விட்டுப்போகும். குழந்தைகளின் பையைத் தலைகீழாகக் கொட்டிப் பாருங்கள், கூழாங்கற்கள் இருக்கும். அவற்றில் ஒன்றில் மணல்குழல் ஒட்டிக்கொண்டு வந்துவிடக்கூடாது, கிளம்பும் முன்பே ஓடைக்கரையில் பார்த்துவிடுவது நல்லது. இதற்கெல்லாம் முன்னால், சிக்னல் கிடைத்த முதல் நிமிடத்திலேயே, நீங்கள் யாரிடம் சீட்டு எழுதிக் கொடுத்தீர்களோ அவருக்குப் போன் போட்டு வந்துவிட்டோம் என்று சொல்லுங்கள்.